11 டிஸ்க்கும் ஓர் அட்டவணையும்: என் சேமிப்பகத்தைச் சீர் செய்த பதிவு

மூன்று கேமராக் காட்சிகளை வீடியோ எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ஒன்றாக ஓடவிட்டபோது படம் விக்கி விக்கி ஓடியது. கணினி பழசாகிவிட்டது என்று முதலில் அதைத்தான் திட்டினேன். அப்புறம்தான் எங்கிருந்தோ 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. சுவர்க் கடிகாரம் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, அந்த அறையில் கடிகாரமே கிடையாது. சத்தம் மேசையில் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதைப் பத்திரமாக நிறுத்திக் கழற்றி வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். இடம் போதாதபோதெல்லாம் ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டது என் பழக்கம். மேசையில் இருந்ததையும் சேர்த்து எண்ணினால் 11. மேலே ஒட்டியிருந்த பெயர்களைப் படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது: 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'உண்மையான கடைசி'. எதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுக்கும் பதில் இல்லை.

பெரியதாக, வேகமாக இன்னொன்று வாங்கிவிடலாம் என்றுதான் கை போனது. வாங்கியிருந்தால் அது பன்னிரண்டாவது ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஓர் அட்டவணையைத் திறந்தேன். டிஸ்க் எண், கொள்ளளவு, எந்தெந்த வேலை, மொத்தம் எத்தனை பிரதி என்று நான்கே பத்திகள். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

பெயரை வைத்து ஃபைல்களை ஒப்பிடுவதில் பயனில்லை. கேமராக்கள் எல்லாமே ஒரே மாதிரி பெயர் வைக்கின்றன. ஒரே பெயரில் ஐம்பது வேறு வேறு காட்சிகள் என்னிடம் இருந்தன. அதனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் கணக்கிட்டேன். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு பிட் மாறினாலும் ரேகை மாறிவிடும். யாரும் வேண்டுமென்றே ஃபைலைத் திருத்தி ஏமாற்றப் போவதில்லை என்பதால் எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்ற வேகமான செக்சம் முறை போதும் என்று முடிவு செய்தேன். அதன் வேகத்துக்கு ஹார்ட் டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியாது. பின்னணியில் ஓடவிட்டு ஐந்து நாளில் முடிந்தது.

மொத்தம் 26 டெராபைட் இருந்தது. திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தால் மிஞ்சியது 9.4 டெராபைட்தான். ஒரு சின்ன வேலையின் மூலக் காட்சிகள் நான்கு டிஸ்க்கில் உட்கார்ந்திருந்தன. இன்னொரு பக்கம், 1.7 டெராபைட் அளவுக்கு ஒரே ஒரு பிரதிதான் எங்கேயும். அதில் பாதி அந்த டிக் டிக் டிஸ்க்கில். விக்கி விக்கி ஓடிய படத்தைச் சரி செய்ய உட்கார்ந்தவன், அதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஹார்ட் டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைக்கின்றன. ஸ்மார்ட் என்று பெயர். நீண்ட பட்டியலாக வரும். நான் பார்ப்பது நான்கு எண்களை. 5ஆம் எண், பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்). 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. 198, சரி செய்ய முடியாதவை. 199, தரவு கேபிள் வழியாக வரும்போது ஏற்பட்ட பிழைகள். என் டிக் டிக் டிஸ்க்கில் 197க்கு எதிரே 48 என்று இருந்தது. வேறொரு டிஸ்க்கில் 199 மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. அதைக் குப்பையில் போட இருந்தேன். 199 பெரும்பாலும் கேபிளின் குற்றம், டிஸ்க்கின் குற்றமல்ல. கேபிளை மாற்றினேன், எண் ஏறுவது நின்றது. பழைய எண் இறங்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் பழுது நீக்கும் நிரலை ஓட்டுவது போன்ற தவறு வேறில்லை. அது டிஸ்க் மேலேயே எழுதப் பார்க்கும். முதலில் உள்ளதை உள்ளபடி வேறொரு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். நான் பயன்படுத்தியது க்னூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல். எளிதாகப் படிக்க முடிவதை எல்லாம் முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசியில் மெதுவாகத் துருவுகிறது. எதுவரை வந்தோம் என்று ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொள்வதால் நடுவில் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். மூன்று இரவுகள் ஆயின. கடைசியில் 64 கிலோபைட் மட்டும் வரவில்லை. அது எந்த ஃபைலில் விழுந்திருக்கிறது என்று பார்த்தேன்: ரெண்டர் கேஷ், எடிட்டிங் மென்பொருள் தற்காலிகமாக உருவாக்கி வைத்தது. மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். அதிர்ஷ்டம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

விக்கலுக்கு வருவோம்

இப்போது படத்தின் விக்கல். இங்கே கணக்குப் போடாமல் எதையும் வாங்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆப்பிளின் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற வீடியோ வடிவம், 4கே யுஎச்டி, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நொடிக்கு 737 மெகாபிட். இதை 8ஆல் வகுத்தால்தான் மெகாபைட், அதாவது சுமார் 92. (இந்த பிட், பைட் குழப்பத்தில் விழாதவர் எங்கள் தொழிலில் குறைவு.) ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 332 ஜிபி. மூன்று கேமரா சேர்ந்தால் நொடிக்கு 276 எம்பி வேண்டும்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், தட்டின் வெளி விளிம்பில் 200 எம்பிக்கு மேல் தருகிறது. உள்ளே போகப் போகச் சுற்றளவு குறைவதால் அதில் பாதிக்கு இறங்கிவிடும். டிஸ்க் நிரம்ப நிரம்ப மெதுவாவது பிரமை இல்லை. அதைவிடப் பெரிய தொந்தரவு, மூன்று ஃபைல்களுக்கு இடையே டிஸ்க்கின் படிக்கும் தலை தாவிக்கொண்டே இருப்பது. தாவிச் சேர்வதற்கு ஒரு நேரம், வேண்டிய இடம் தலைக்குக் கீழே சுழன்று வருவதற்கு ஒரு நேரம். பின்னது மட்டுமே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல். இரண்டும் சேர்ந்து 10 மில்லிநொடியைத் தாண்டும். அந்த நேரத்தில் ஒரு பைட்கூட வராது. ஆக அந்த டிஸ்க் புத்தம் புதிதாக இருந்திருந்தாலும் விக்கியிருக்கும்.

இதற்கு முதல் மருந்து ஒரு பைசா செலவில்லாதது: பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு சின்ன நகல். அதே காட்சியை எச்டி அளவில் புரோரெஸ் பிராக்ஸியாக மாற்றினால் நொடிக்கு 38 மெகாபிட். ஐந்து எம்பிகூட இல்லை. மூன்றையும் ஓடவிட்டாலும் பழைய டிஸ்க்கே அலட்டிக்கொள்ளாமல் தரும். வெட்டி ஒட்டும் வேலை முழுவதையும் இதில் முடிக்கலாம். மாற்ற எடுக்கும் நேரம்தான் செலவு. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

நிறம் திருத்த உட்காரும்போது மூலக் காட்சி வேண்டுமே. அதற்காக 2 டெராபைட் என்விஎம்இ ஒன்று வாங்கினேன். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியில் அது வேகமான வகை. சாட்டா என்ற பழைய இணைப்பு வழியில் வரும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும். அது இணைப்பின் எல்லை. மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் நான்கு தடம் உள்ள என்விஎம்இ 3,500 வரை போகும், நான்காம் தலைமுறை 7,000 வரை. எனக்கு வேண்டியது 276. நான்காம் தலைமுறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது என் வேலைக்கு வீண் என்று தோன்றியதால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பொருத்தியதும் தொடர்ந்து எழுதவிட்டுச் சோதித்தேன். முதல் 400 ஜிபி வரை நொடிக்கு 1,900 எம்பி. பிறகு சட்டென்று 140. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பதறி எல்லாவற்றையும் அவிழ்த்தேன். கெடவில்லை, அதன் இயல்பே அப்படி. நான் வாங்கியது க்யூஎல்சி வகை: ஒவ்வொரு நினைவகச் செல்லிலும் நான்கு பிட் அடைக்க வேண்டும், அது மெதுவான வேலை. அதனால் காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரு பிட்டாக மட்டும் அவசரமாக எழுதிப் போட்டுவிட்டு, ஓய்வு கிடைத்தபோது ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளி வந்தால் எல்லாவற்றையும் ஓர் அறையில் அள்ளிப் போட்டுக் கதவைச் சாத்துவோமே, அதேதான். அறை நிரம்பிவிட்டால் வேகம் போயிற்று. டிஸ்க் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த அறையும் சின்னதாகிவிடும். எடிட்டிங்கில் பெரும்பாலும் படிப்பதுதான், எழுதுவது குறைவு. அதனால் எனக்கு ஒத்துவருகிறது. தினமும் பல நூறு ஜிபி கேமரா கார்டுகளை இறக்குகிறவர்கள் செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையைப் பார்ப்பதே நல்லது. பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் அந்த முதல் சில நிமிடங்களுக்கானது.

அவிழ்த்ததில் ஒரு நன்மை நடந்தது. வெப்பம் 84 டிகிரி வரை போனதற்குக் காரணம் தெரிந்தது. வெப்பத்தைக் கடத்தும் பட்டையின் மேலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை நான் உரிக்கவே இல்லை. உரித்த பிறகு 61.

இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே எடுத்துப் போக ஒரு யுஎஸ்பி கூட்டில் இன்னொரு எஸ்எஸ்டி வைத்திருக்கிறேன். நொடிக்கு 1,000 எம்பி தர வேண்டிய கூடு 40 தந்தது. இரண்டு நாள் டிரைவர், ஃபைல் சிஸ்டம், கணினியின் போர்ட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி கேபிள், போன் சார்ஜரோடு வந்தது. டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. உள்ளே யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும் இருக்கும் டைப்-சி கேபிள்கள் ஏராளம். இப்போது வேகமான கேபிள் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

நாஸ் கட்டியது

வேலை நடப்பது என்விஎம்இயில். முடிந்த வேலைகளுக்கு, எப்போதும் கைக்கு எட்டும்படி ஓர் இடம் வேண்டும். பழைய கணினி ஒன்றில் நான்கு 8 டெராபைட் டிஸ்க் போட்டு அதை நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாக எட்டும் சேமிப்பகம், ஆக்க முடிவு செய்தேன். இரண்டு புதிதாக வாங்குவது, இரண்டை இழுப்பறையில் இருந்த வெளி டிஸ்க்குகளை உடைத்து எடுப்பது. உடைக்கும் முன் அவற்றில் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். சில கூடுகளில் உள்ள சின்னப் பலகை தரவை மறையாக்கம் செய்து எழுதுகிறது. கூட்டை விட்டு வெளியே வந்தால் டிஸ்க்கில் இருப்பது வெறும் குப்பையாகத் தெரியும்.

உடைத்து எடுத்ததில் ஒன்று சுழலவே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்துக் கூட்டில் திரும்பப் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. சாட்டா 3.3 தரத்தில் மின் இணைப்பின் மூன்றாவது முனைக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள்: அங்கே 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். பழைய பவர் சப்ளையோ அந்த முனைக்கு எப்போதும் 3.3 வோல்ட் தருகிறது. வெப்பம் தாங்கும் மஞ்சள் காப்டான் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டி அந்த முனையை மூடினேன். மூன்று தடவை தப்பாக ஒட்டி, நான்காவதில் சரியானது. நல்ல வெளிச்சமும் இடுக்கியும் இல்லாமல் முயலாதீர்கள்.

இன்னொன்று ஓடியது, ஆனால் எழுதும் வேகம் 180இல் தொடங்கிச் சிறிது நேரத்தில் 30க்குச் சரிந்தது. மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால் எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி நிற்கும். அதனால்தான் அதே தட்டில் கூடுதலாக அடைக்க முடிகிறது. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் ஏறியிருப்பவற்றையும் எடுத்து மறுபடி வேய வேண்டும், அதுதான் தாமதம். பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் இந்த வகையைச் சொல்லாமலே விற்றுவந்தது 2020இல் வெளியே வந்தது. அதற்குப் பிறகு எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை வெளியிட்டார்கள். வாங்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. நாஸில் ஒரு டிஸ்க் போய்ப் புது டிஸ்க்கை நிரப்பும்போது எஸ்எம்ஆர் நாள் கணக்கில் இழுக்கும். அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்று வாங்கினேன். ஒதுக்கியது வீணாகவில்லை, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ரெய்டு (RAID), பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர். அதில் 'ஐ' (I) என்ற எழுத்துக்கு 'மலிவான' என்று பொருள். அது பிறகு 'சுதந்திரமான' என்று மாறிவிட்டது. டிஸ்க் விலைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். நான்கு 8 டெராபைட்டில் ரெய்டு 5 போட்டால் 24 கிடைக்கும், ஒரு டிஸ்க் போகலாம். ரெய்டு 6 என்றால் 16, எந்த இரண்டு போனாலும் தாங்கும். நான் எடுத்தது மூன்றாவது வழி: இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக் கண்ணாடிப் பிரதி, அதிலும் 16. ஒரே ஜோடியில் இரண்டும் போனால் எல்லாம் போய்விடும் என்ற வகையில் ரெய்டு 6ஐவிட இது பலவீனம்தான். ஆனால் ஒன்று பழுதானால் அதன் ஜோடியைப் படித்தாலே புது டிஸ்க்கை நிரப்பிவிடலாம், மற்ற டிஸ்க்குகளைப் பிழிய வேண்டியதில்லை. இடத்தைப் பெருக்க இரண்டு டிஸ்க் மாற்றினால் போதும். எனக்கு அந்த வசதி பிடித்திருந்தது.

ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது. எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் தானே செக்சம் வைக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் கெட்டிருந்தால் ஜோடியிலிருந்து எடுத்துத் திருத்திவிடும். 16 டெராபைட் என்று போட்டது கணினியில் 14.5 சொச்சம் என்று தெரிந்தது. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், கணினி 1,024இன் மடங்கில். யாரும் திருடவில்லை.

9.4 டெராபைட்டையும் கிகாபிட் நெட்வொர்க் வழியாக அனுப்பினால் நொடிக்குச் சுமார் 110 எம்பி, அதாவது இடைவிடாமல் ஒரு முழு நாள். டிஸ்க்குகளை நேராகச் சாட்டாவில் மாட்டி இரண்டிரண்டாக இறக்கினேன். அந்த 110 என்ற எண் இன்னொன்றையும் சொல்லிவிட்டது: இந்த நாஸிலிருந்து நேரடியாக மூன்று கேமரா 4கே எடிட் செய்ய முடியாது. 10 கிகாபிட் போட்டால் முடியும். இப்போதைக்கு வேண்டாம்.

இறக்கி முடித்துப் பழைய செக்சங்களோடு ஒப்பிட்டபோது, ஒரே வேலையின் இரண்டு பிரதிகளில் மூன்று ஃபைல்கள் ஒத்துவரவில்லை. அளவு ஒன்றுதான், பெயர் ஒன்றுதான். ஒரு பிரதியின் வால் பகுதி முழுக்கப் பூஜ்யம். எழுதி முடிவதற்குள் கேபிளைப் பிடுங்கியிருக்கிறேன். அந்த டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட். அதில் ஜர்னல் (நடக்கும் மாற்றங்களின் குறிப்பேடு) கிடையாது, பாதியில் நின்ற வேலையைப் பிறகு கண்டுபிடித்துச் சரிக்கட்ட வழியில்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடுவதால் எல்லோரும் அதைத்தான் போடுகிறோம். போடலாம், 'வெளியேற்று' என்பதை அழுத்தும் பொறுமை இருந்தால்.

நாஸ் எழுந்து ஓடிய இரண்டாவது வாரம் பெரிய சறுக்கல். வெளி டிஸ்க்கிலிருந்து நாஸுக்கு இரவில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடும்படி வைத்திருந்தேன், மூலத்தில் இல்லாததை நாஸிலும் அழித்துவிடு என்ற கட்டளையோடு. அன்றிரவு வெளி டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணையவில்லை. காலி ஃபோல்டர் மட்டும் இருந்தது. ஆர்சிங்க் சொன்னதைச் செய்தது: மூலம் காலி, ஆகவே நாஸும் காலி. ரெய்டு இதில் ஒன்றும் செய்யாது. ஜோடியின் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் கச்சிதமாக அழிந்தது. காப்பாற்றியது இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட், அந்தந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைக்கும் பதிவு. முந்தைய இரவின் நிலைக்கு ஒரு நிமிடத்தில் திரும்பிவிட்டேன். இப்போது மூலத்தில் ஒரு அடையாள ஃபைல் வைத்திருக்கிறேன். அது கண்ணில் பட்டால்தான் ஆர்சிங்க் தொடங்கும்.

இதற்கப்புறம்தான் வெளியே ஒரு பிரதி என்ற விஷயத்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டேன். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். கணினித் துறைக்காரர் இல்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஒதுக்கி வைத்த எஸ்எம்ஆர் டிஸ்க் இங்கேதான் கைகொடுத்தது. ஒருமுறை நேர்வரிசையில் எழுதிவிட்டு அலமாரியில் வைப்பதற்கு அது போதும். அதோடு இன்னொரு பழைய டிஸ்க்கையும் சேர்த்து, 9.4 டெராபைட்டும் அவற்றில் உறவினர் வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதியதைச் சேர்த்துச் செக்சம் பார்க்கிறேன். எஸ்எஸ்டியை இதற்கு வைக்கவில்லை. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் என்ற அமைப்பின் தரம் கேட்பது.

கிளவுட் எனும் மேகச் சேமிப்பு? என் இணைய இணைப்பில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட், அதாவது 2.5 எம்பி. எல்லாவற்றையும் ஏற்ற 43 நாள். முடிந்த மாஸ்டர் படங்களும் புராஜெக்ட் ஃபைல்களும் மட்டும் 400 ஜிபி. அவை இரண்டு நாளில் ஏறிவிட்டன. அரிதாக எடுப்பதற்கான குளிர்நிலைச் சேமிப்பில் வைப்பது மலிவு, திரும்ப எடுக்கும்போதுதான் கட்டணம் தெரியும் என்பதையும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

தரவைச் சேமிக்கும் எல்டிஓ காந்த நாடா பற்றியும் யோசித்தேன். ஒன்பதாம் தலைமுறை கேசட் ஒன்றில் 18 டெராபைட். உறையில் 45 என்றும் போட்டிருக்கும்; அது சுருக்கிய கணக்கு, ஏற்கெனவே சுருங்கிய வீடியோவுக்குப் பொருந்தாது. கேசட் மலிவு, டிரைவ் யானை விலை. இன்னும் பல மடங்கு தரவு சேர்ந்தால் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிட்டேன்.

டிக் டிக் டிஸ்க்கின் மேல் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டாயிற்று. அட்டவணையில் பிரதிகளின் எண்ணிக்கைக்கு நேரே 1 என்று மிஞ்சியிருப்பது ஒரே வரி: ஒரு பெட்டி நிறையப் பழைய மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள். ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபிதான் வரும், இடத்துக்குப் பஞ்சமில்லை. கேமராவில் இருப்பது ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு, என்னிடமுள்ள எந்தக் கணினியிலும் அந்தத் துளை இல்லை. அடாப்டர் தேடிக்கொண்டிருக்கிறேன்.